சைக்கிள் செயினில் குயிக் லிங்க்: மாட்டுவதும் கழற்றுவதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

குயிக் லிங்க் என்றால் என்ன?

சைக்கிள் செயினை உற்றுப் பார்த்தால் இரண்டு வகைக் கண்ணிகள் மாறி மாறி வருவது தெரியும். அகலம் குறைந்தது உள்கண்ணி. உருளைகள் அதில்தான் இருக்கின்றன. அதை இருபுறமும் அணைத்துப் பிடிப்பது வெளிக்கண்ணி. வெளிக்கண்ணியின் ஆணிகள் தொழிற்சாலையிலேயே அழுத்தி இறுக்கப்பட்டவை, ஆணியைத் தள்ளி எடுக்கும் கருவியான செயின் கட்டர் இல்லாமல் அசையாது. இந்த வெளிக்கண்ணிகளில் ஒன்றின் இடத்தில், கழற்றி மாட்டக்கூடிய கண்ணி ஒன்றை வைத்தால் அதுதான் குயிக் லிங்க்.

அதில் இருப்பவை இரண்டே துண்டுகள், அவையும் ஒரே அச்சில் வார்த்த இரட்டைப் பிள்ளைகள். ஒவ்வொரு துண்டும் ஒரு தகடு. தகட்டின் ஒரு முனையில் ஆணி, மறுமுனையில் துளை. துளை வட்டமாக இருக்காது. பழைய பூட்டின் சாவித்துவாரம் போல, கண்ணியின் நடுவை நோக்கிய பக்கம் அகன்றும் வெளிமுனையை நோக்கிய பக்கம் குறுகியும் இருக்கும். ஆணியின் தலைக்குக் கீழே கழுத்துப் போல ஒரு பள்ளம் ஓடுகிறது. தலை அகன்ற பகுதி வழியே நுழையும். செயினை இரு பக்கமும் இழுத்தால் கழுத்து குறுகிய பகுதிக்குள் வழுக்கிப் போய் மாட்டிக்கொள்ளும்.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். இழுத்தால் பூட்டும், நெருக்கினால் திறக்கும். நாம் பெடலை மிதிக்கும்போதெல்லாம் செயின் இழுபடுகிறது. ஆகவே ஓட்ட ஓட்டப் பூட்டு இறுகுகிறதே தவிர, தளர்வதில்லை.

என் சைக்கிளில் குயிக் லிங்க் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றிக்கொண்டே வெளிக்கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெரும்பாலும் நிறமே காட்டிக்கொடுத்துவிடும்: வெள்ளி நிறச் செயினில் பொன்னிறமாகவோ கறுப்பாகவோ ஒன்று மட்டும் தனித்து நிற்கும். நிறம் ஒன்றாக இருந்தால் நீள்வட்டத் துளையையும், தகட்டின் மேல் உள்ள எழுத்தையும் தேடுங்கள். செயின் அழுக்கில் மூழ்கியிருந்தால் முதலில் துணியால் துடைத்துவிட்டுத் தேடுவது நல்லது. கறுப்புப் பசைக்குள் இருக்கும் கறுப்பு லிங்க்கைத் தேடி நான் நான்கு சுற்று சுற்றியதுண்டு.

ஒரு முழுச் சுற்று முடிந்தும் ஒன்றும் தென்படவில்லை என்றால், அந்தச் செயின் ஆணியால் இணைக்கப்பட்டதாக இருக்கும். செயின் கட்டரால் ஒரு வெளிக்கண்ணியை எடுத்துவிட்டு அங்கே குயிக் லிங்க் போட்டுக்கொள்ளலாம்.

எந்தக் குயிக் லிங்க் வாங்க வேண்டும்? எல்லாம் ஒன்றுதானே?

பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும். உண்மையில் அகலம் மாறுகிறது. பெரும்பாலான சைக்கிள் செயின்களில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையே உள்ள தூரம் ஒன்றேதான்: அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. ஆனால் பின்சக்கரத்தின் பல்சக்கரங்கள் கூடக் கூட அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி குறைகிறது. அதனால் செயினும் மெலிகிறது. வெளி அகலம் உத்தேசமாக இப்படி இருக்கும்: 6, 7, 8 ஸ்பீடு செயின்கள் 7 மி.மீ.க்குச் சற்றே மேல்; 9 ஸ்பீடு 6.6 முதல் 6.8 மி.மீ.; 10 ஸ்பீடு 6 மி.மீ.யை ஒட்டி, 11 ஸ்பீடு ஐந்தரை மி.மீ.; 12 ஸ்பீடு அதைவிடவும் சற்றுக் குறைவு. கியர் இல்லாத சைக்கிள்களில் பலவற்றில் உட்புற அகலம் எட்டில் ஒரு அங்குலம் உள்ள தடித்த செயின் இருக்கும். அதற்கான லிங்க் தனி.

இங்கே ஸ்பீடு என்பது பின்னால் உள்ள பல்சக்கரங்களின் எண்ணிக்கை மட்டுமே. முன்னால் மூன்றும் பின்னால் எட்டும் இருக்கும் சைக்கிளை 24 கியர் என்று சொல்லி விற்பார்கள். அதற்கு வேண்டியது 8 ஸ்பீடு லிங்க்.

அகலமான லிங்க்கை மெல்லிய செயினில் போட்டால் ஆணி நீளமாக இருப்பதால் தகடுகள் ஆடும், பக்கத்துப் பல்சக்கரத்தில் உரசும், பூட்டும் உறுதியாக இருக்காது. மெல்லிய லிங்க்கை அகலச் செயினில் போட முயன்றால் ஒன்று பூட்டவே பூட்டாது, இல்லாவிட்டால் உள்கண்ணியை நெரித்துக்கொண்டு மடங்க மறுக்கும்.

செயினும் லிங்க்கும் வெவ்வேறு நிறுவனத்துடையவையாக இருக்கலாமா?

செயினைச் செய்தவர்களின் லிங்க்கையே போடுவது பாதுகாப்பானது. நிறுவனங்களும் அதையே சொல்கின்றன. 8 ஸ்பீடு வரை கலந்து போட்டாலும் பெரும்பாலும் சிக்கல் வருவதில்லை, ஏனென்றால் அங்கே அளவில் கொஞ்சம் தாராளம் உண்டு. 11, 12 ஸ்பீடுகளில் நான் அந்த விளையாட்டுக்குப் போவதில்லை. குறிப்பாக, ஸ்ராம் நிறுவனத்தின் மேல்விளிம்பு தட்டையான ஃப்ளாட்டாப் செயினுக்கு அதற்கென்றே செய்த லிங்க்தான் போட வேண்டும். அந்தச் செயினின் உருளைகளே மற்றவற்றைவிடப் பெரியவை.

பெயர்களில் குழம்ப வேண்டாம். ஸ்ராம் தன் 8, 9 ஸ்பீடு லிங்க்கைப் பவர்லிங்க் என்றும், 10 ஸ்பீடு முதல் மேலே உள்ளவற்றைப் பவர்லாக் என்றும் அழைக்கிறது. கேஎம்சி வைத்த பெயர் மிஸ்ஸிங் லிங்க். ஷிமானோ நேராகக் குயிக் லிங்க் என்றே சொல்லிவிடுகிறது. விப்பர்மேன் நிறுவனத்தின் கானெக்ஸ் லிங்க் கொஞ்சம் வேறு மாதிரி. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

மாட்டுவதற்கு முன் செயினை எப்படி வெட்ட வேண்டும்?

இரண்டு முனைகளும் உள்கண்ணியாக இருக்க வேண்டும். குயிக் லிங்க் ஒரு வெளிக்கண்ணி என்பதால் அதன் இருபுறமும் உள்கண்ணிதான் வர முடியும். ஆணி போட்டு இணைக்கும் செயினில் ஒரு முனை உள், மறுமுனை வெளி. அந்தப் பழக்கத்தில் வெட்டிவிட்டு, கையில் லிங்க்கை வைத்துக்கொண்டு விழிப்பவர்கள் பலர்.

நீளத்தைப் பொறுத்தவரை, பழைய செயினையும் புதியதையும் அருகருகே தொங்கவிட்டு முனைக்கு முனை ஒப்பிட்டு வெட்டாதீர்கள். பழைய செயின் தேய்ந்து நீண்டிருக்கும். 112 கண்ணிச் செயின் ஒன்று முக்கால் சதவீதம் தேய்ந்திருந்தால் மொத்த நீளத்தில் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் கூடியிருக்கும், கிட்டத்தட்ட ஒரு கண்ணி. ஆகவே கண்ணிகளை எண்ணுங்கள். எண்ணும்போது குயிக் லிங்க்கையும் ஒரு கண்ணியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய செயின் கையில் இல்லையா? வழக்கமான டிரெய்லியர் (செயினைப் பல்சக்கரம் மாற்றி நகர்த்தும் அமைப்பு) உள்ள சைக்கிள்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. முன்னால் பெரிய பல்சக்கரத்தையும் பின்னால் பெரிய பல்சக்கரத்தையும் சுற்றி, டிரெய்லியர் வழியே விடாமல், செயினை இழுத்துப் பிடியுங்கள். முனைகள் சந்திக்கும் இடத்திலிருந்து ஒரு அங்குலம், அதாவது இரண்டு கண்ணிகள், கூட்டி வெட்டுங்கள். பின் சஸ்பென்ஷன் உள்ள மலைச் சைக்கிள்களில் சஸ்பென்ஷன் அமுங்கும்போது தூரம் மாறுவதால், எங்கே தூரம் அதிகமோ அந்த நிலையில் வைத்து அளக்க வேண்டும்.

சரி, எப்படி மாட்டுவது?

முதலில் செயினை அதன் பாதை முழுவதும் கோத்துவிடுங்கள். முன் டிரெய்லியரின் கூண்டு, பின் பல்சக்கரம், பின் டிரெய்லியரின் இரண்டு சிறு உருளைச் சக்கரங்கள் எல்லாவற்றையும் தாண்டி வந்துவிட்டதா என்று ஒருமுறை கண்ணாலும் ஒருமுறை விரலாலும் தடவிப் பாருங்கள். பின் டிரெய்லியரின் கூண்டில், இரண்டு உருளைகளுக்கும் நடுவே, ஒரு சிறிய நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். செயின் அதற்கு உட்புறமாக, உருளைகளின் பக்கமாகப் போக வேண்டும். வெளிப்புறமாகப் போட்டாலும் சைக்கிள் ஓடும், கியரும் ஒருவாறு மாறும்; ஆனால் நாக்கைச் செயின் அராவிக்கொண்டே இருக்கும். அப்படிப் போட்டு, ஒருமுறைதான் பயன்படுத்தலாம் என்று பெட்டியில் எழுதியிருந்த லிங்க்கை அழுத்திப் பூட்டிவிட்டு, கரகர சத்தம் கேட்ட பிறகு தலையில் அடித்துக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: பூட்டுவதற்கு முன் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

அடுத்து, முன்னால் பல்சக்கரத்திலிருந்து செயினைக் கழற்றி உள்பக்கமாகச் சட்டத்தின் மீது விழவிடுங்கள். இழுவை போய்விடும், இரண்டு முனைகளும் கைக்கு அடக்கமாக வந்து சேரும். டிரெய்லியரின் வில் அப்போதும் இழுத்தால், பழைய ஸ்போக் கம்பி ஒன்றின் இரு முனைகளையும் கொக்கியாக வளைத்து, இரு பக்கச் செயினிலும் மாட்டி நிறுத்திக்கொள்ளலாம். இதற்கென்று விற்கும் கருவியும் இதே வளைந்த கம்பிதான்.

இப்போது ஒரு துண்டை உங்கள் பக்கமிருந்து ஒரு முனைக்குள் நுழையுங்கள். மற்றொன்றை எதிர்ப்பக்கமிருந்து மறுமுனைக்குள் நுழையுங்கள். இரண்டு ஆணிகளும் எதிரெதிர்த் திசையில் வர வேண்டும். இரு தகடுகளையும் நெருக்கி, ஒவ்வொரு ஆணியின் தலையையும் எதிர்த் தகட்டுத் துளையின் அகன்ற பகுதிக்குள் விட்டு, செயினை இரு பக்கமும் இழுங்கள். ஆணிகள் கொஞ்சம் நகரும், பிறகு நிற்கும். கையால் இவ்வளவுதான் முடியும்; இது பாதிப் பூட்டு.

மீதிப் பாதியைக் கால்தான் செய்ய வேண்டும். செயினை முன் பல்சக்கரத்தில் மாட்டி, பெடலைச் சுற்றி, குயிக் லிங்க்கை மேல் வரிசைக்குக் கொண்டுவந்து, முன் பல்சக்கரத்துக்கும் பின் பல்சக்கரத்துக்கும் நடுவே நிறுத்துங்கள். பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முன்னால் நீட்டி நிற்கும் பெடலை ஓங்கி ஒரு மிதி. 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பின் சக்கரம் நிற்பதாலும் பெடல் இழுப்பதாலும் மேல் வரிசைச் செயினில்தான் முழு இழுவையும் வருகிறது. கீழ் வரிசையில் லிங்க்கை வைத்து மிதித்தால் ஒன்றும் நடக்காது, அங்கே இருப்பது டிரெய்லியரின் வில் இழுவை மட்டுமே.

கையால் பிடிக்கும் பின் பிரேக் இல்லாத சைக்கிளா? முன் சக்கரத்தைச் சுவரில் முட்டவைத்து மிதியுங்கள். குயிக் லிங்க்குக்கென்றே விற்கும் குறடு இருந்தால் அதை விரித்தும் பூட்டலாம். அப்படிப் பூட்டினாலும் கடைசியில் ஒரு மிதி மிதித்துப் பார்ப்பது என் வழக்கம்.

'டக்' சத்தம் கேட்கவில்லை. பூட்டியிருக்குமா?

சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். சில லிங்க்குகள் ஓசையின்றியே அமர்ந்துவிடும். கண்ணால் பாருங்கள். ஆணித் தலை ஒவ்வொன்றும் நீள்துளையின் வெளிமுனையில் ஒட்டி நிற்க வேண்டும். துளையின் காலியான பகுதி நடுப்பக்கம் தெரிய வேண்டும். இரண்டு பக்கத் தகடுகளையும் பாருங்கள். ஒரு பக்கம் பூட்டி மறுபக்கம் பாதியில் நிற்பது உண்டு, அதுதான் ஆபத்தானது. தகடுகள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா, பக்கத்துக் கண்ணி தடையின்றி மடங்குகிறதா என்றும் விரலால் அசைத்துப் பாருங்கள்.

பலமுறை மிதித்தும் அமரவில்லை என்றால் அளவு தவறாக இருக்கலாம், அல்லது துளைக்குள் மணலோ உலோகத் துகளோ சிக்கியிருக்கலாம். பூட்டாத லிங்க்கோடு கிளம்பாதீர்கள். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் விட்டுப்போனால், உடல் எடை முழுவதும் முன்னால் சரிந்து விழும்.

லிங்க்கை எந்தத் திசையில் மாட்டுவது என்று இருக்கிறதா?

பலவற்றில் இல்லை. இரு துண்டுகளும் ஒன்றே என்பதால் எப்படித் திருப்பினாலும் அது அதுவே. மூன்று விதிவிலக்குகளை நினைவில் வையுங்கள்.

தகட்டில் அம்புக்குறி இருந்தால், அது செயின் ஓடும் திசையைக் காட்ட வேண்டும். மேல் வரிசையில் செயின் முன்னோக்கி ஓடுகிறது, கீழ் வரிசையில் பின்னோக்கி. ஆகவே லிங்க் மேலே இருக்கும்போது அம்பு முன் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். அம்பும் எழுத்தும் வெளிப்பக்கம், நாம் பார்க்கும் பக்கம் வரட்டும்.

கானெக்ஸ் லிங்க்கின் தகடு ஒரு விளிம்பில் வில் போல வளைந்திருக்கும். வளைந்து புடைத்த விளிம்பு பல்சக்கரத்தை விட்டு விலகி, வெளிப்புறம் பார்த்து நிற்க வேண்டும். மேல் வரிசையில் வைத்துப் பார்த்தால் புடைப்பு வானத்தை நோக்கி இருக்கும். தலைகீழாகப் போட்டால், சிறிய பல்சக்கரத்தில் போகும்போது தகடு அடிப்பகுதியில் முட்டி, செயின் ஏறி இறங்கும்.

மூன்றாவது, செயினுக்கே திசை இருப்பது. இரு பக்கத் தகடுகளும் வேறு வேறாக வடிவமைக்கப்பட்ட செயின்கள் உண்டு. அவற்றில் எழுத்துள்ள பக்கம் வெளியே வர வேண்டும். கழுவிவிட்டுத் திரும்ப மாட்டும்போது பழைய திசையிலேயே மாட்டுங்கள்.

கழற்றுவது எப்படி?

பூட்டுவதற்கு நேர் எதிர்: இரண்டு ஆணிகளையும் ஒன்றை நோக்கி ஒன்றை நெருக்க வேண்டும். லிங்க்கைக் கீழ் வரிசைக்குக் கொண்டுவாருங்கள், செயினை முன் பல்சக்கரத்திலிருந்து இறக்கித் தளர்த்துங்கள். இழுவை உள்ள செயினில் எந்தக் குறடும் தோற்கும். அடுத்து, லிங்க்கின் துளைகளைப் பழைய பல்துலக்கியால் நன்றாகத் தேய்த்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, செயினை அங்கே பக்கவாட்டில் கொஞ்சம் அசைத்துவிடுங்கள். கழற்ற வரவில்லை என்று வருவோரில் பெரும்பாலோருக்குத் தடையாக இருப்பது அந்தக் காலித் துளைக்குள் இறுகிப்போன அழுக்குதான். ஆணி நகர்ந்து போக வேண்டிய இடத்தை அழுக்கு அடைத்துக்கொண்டிருக்கிறது. கையில் எவ்வளவு பலம் இருந்து என்ன பயன்?

குயிக் லிங்க் குறட்டின் இரண்டு மூக்குகளையும் லிங்க்கின் இரு முனைகளிலும் உருளைகளுக்கு வெளிப்புறமாக வைத்து அழுத்துங்கள். 'டக்' என்று விட்டுக்கொடுக்கும். பவர்லிங்க் போன்ற சிலவற்றில், நெருக்கும்போதே இரு தகடுகளையும் பக்கவாட்டில் விரல்களால் ஒன்றை நோக்கி ஒன்றை அமுக்க வேண்டும். அப்போதுதான் ஆணியின் கழுத்து துளை விளிம்பிலிருந்து விடுபடும்.

குறடு இல்லை. வழி உண்டா?

உண்டு, கயிறு போதும். ஷூ கயிறு, பழைய பிரேக் கம்பி, எதுவாக இருந்தாலும் சரி. லிங்க்கின் இரு ஆணிகளுக்கும் வெளிப்புறத்தில், பக்கத்து உள்கண்ணிகளின் இடைவெளி வழியே கயிற்றைக் கோத்துக்கொள்ளுங்கள். இரு நுனிகளையும் முடிச்சின் முதல் சுற்றுப் போல ஒன்றன் குறுக்கே ஒன்றாகப் போட்டு, எதிரெதிர்த் திசையில் வெடுக்கென்று இழுங்கள். வளையம் சுருங்கும்போது ஆணிகள் நெருங்கும். மெதுவாக இழுத்தால் கயிறு அறுபடுவதும், வெடுக்கென்று இழுத்தால் லிங்க் திறப்பதும் ஏன் என்று எனக்கு வியப்பாகவே இருக்கிறது; ஆனால் அப்படித்தான் நடக்கிறது.

மூக்குக் குறடாலும் முடியும். ஒரு தாடையை ஒரு தகட்டின் முனையிலும், மறு தாடையை எதிர்த் தகட்டின் எதிர் முனையிலும், மூலைவிட்டமாக வைத்து அமுக்க வேண்டும். வழுக்கினால் விரல் நசுங்கும், தகட்டில் கீறலும் விழும். சுத்தியலும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

கானெக்ஸ் லிங்க்குக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. செயினைத் தளர்த்தி, அந்தக் கண்ணியைச் சரியான கோணத்தில் மடக்கினால் கையாலேயே கழன்றுவிடும்.

ஒருமுறை கழற்றிய லிங்க்கை மறுபடி போடலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகச் சண்டை. நிறுவனங்கள் சொல்வதை முதலில் வைக்கிறேன். ஸ்ராமின் 8, 9 ஸ்பீடு பவர்லிங்க் மறுபடி பயன்படுத்தத் தக்கது. அதே நிறுவனத்தின் பவர்லாக் ஒருமுறைக்கு மட்டும். ஷிமானோவின் 11, 12 ஸ்பீடு லிங்க்குகளும் ஒருமுறைக்கு மட்டும். கேஎம்சி இரண்டு வகையும் செய்கிறது: பெயரின் இறுதியில் 'ஆர்' என்று இருந்தால் மறுபடி பயன்படுத்தலாம், 'என்ஆர்' என்றால் கூடாது. கானெக்ஸ் எத்தனை முறை வேண்டுமானாலும்.

ஏன் இந்த வேறுபாடு? மெல்லிய செயினில் தகடும் மெல்லியது, ஆணியின் கழுத்தும் சிறியது. அகலம் குறைந்தும் அது தற்செயலாகத் திறக்காமல் இருக்க வேண்டுமானால், ஆணி குறுகிய பகுதிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நுழைய வேண்டும். ஒவ்வொரு முறை நுழையும்போதும் வெளியேறும்போதும் விளிம்பு கொஞ்சம் மழுங்குகிறது. அந்த நெருக்கம்தான் பூட்டின் பலம். அது குறைந்தால் பூட்டும் தளர்கிறது.

ஒருமுறைக்கு மட்டும் என்று எழுதியதை நான்கைந்து முறை போட்டு ஓட்டுபவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்பதும் உண்மை. என் நிலை இது: வழியில் நின்றுபோய், வேறு லிங்க் இல்லையென்றால் பழையதையே போட்டு வீடு சேர்வேன், பிறகு மாற்றிவிடுவேன். அடிக்கடி செயினைக் கழற்றுபவர், குறிப்பாக எண்ணெய்க்குப் பதிலாக உருக்கிய மெழுகில் செயினை முக்கி எடுப்பவர், மறுபடி பயன்படுத்தும் வகையை வாங்கிவிடுவது நல்லது. எந்த வகையானாலும், கையால் இழுத்தபோதே 'டக்' என்ற எதிர்ப்பு எதுவும் இல்லாமல் கடைசி வரை வழுக்கிப் போய் அமர்ந்தால் அதன் ஆயுள் முடிந்தது. தகட்டில் விரிசல், துளை விளிம்பில் கிழிசல் தெரிந்தாலும் அப்படியே. செயினை மாற்றும்போது லிங்க்கையும் சேர்த்து மாற்றுங்கள்; தேய்ந்த லிங்க்கைப் புதுச் செயினில் போடுவது சிக்கனம் அல்ல.

குயிக் லிங்க் இருந்தால் செயின் பலம் குறையுமா?

சரியான அளவில், முழுமையாகப் பூட்டியிருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. சரியாக அழுத்தப்படாத சாதாரண ஆணிதான் செயின் அறுவதற்கு முதல் சந்தேக நபர். மோட்டார் துணையுள்ள மின்சைக்கிளில் மட்டும் அதற்கென்று செய்த செயினும் லிங்க்கும் போடுங்கள். அங்கே கால் பலத்தோடு மோட்டாரின் இழுவையும் சேர்கிறது.

கியர் இல்லாத சைக்கிளில் கிளிப் வைத்த லிங்க் இருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றா?

வேலை ஒன்று, அமைப்பு வேறு. அதில் மூன்று துண்டுகள்: இரண்டு ஆணிகள் பதித்த தகடு, தனித் தகடு, அதன் மேல் மாட்டும் மீன் வடிவ வில் கிளிப். கிளிப்பின் பிளந்த வால் செயின் ஓடும் திசைக்கு எதிராக, பின்னோக்கி இருக்க வேண்டும். மூடிய தலை முன்னே போக வேண்டும். திருப்பிப் போட்டால், எதிலாவது உரசும்போது வால் மாட்டிக் கிளிப் கழன்று போய்விடும். கழற்ற, குறட்டின் ஒரு தாடையைப் பிளந்த பக்கத்தின் நுனியிலும் மறு தாடையை அருகே உள்ள ஆணியிலும் வைத்து நெருக்கினால் கிளிப் வழுக்கி வரும். பறந்து போகாமல் மறுகையால் மூடிக்கொள்ளுங்கள்.

கிளிப் டிரெய்லியர் உள்ள சைக்கிளுக்கு ஆகாது. கியர் மாறும்போது கூண்டிலும் பல்சக்கரத்திலும் இடிக்கும். இன்னொன்று: பெடலைப் பின்னோக்கி மிதித்தால் நிற்கும் பிரேக் உள்ள சைக்கிளில், செயின் விட்டுப்போனால் அந்தப் பிரேக்கும் போய்விடும். அங்கே கிளிப்பை மாதம் ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள்.

இப்படிப்பட்ட சைக்கிள்களில் செயினுக்குத் தளர்வு தர டிரெய்லியர் இல்லை. பின் சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தை முன்னே தள்ளினால்தான் லிங்க்கைக் கழற்றவும் மாட்டவும் முடியும்.

லிங்க் போட்ட பிறகு 'டிக்' 'டிக்' என்று சத்தம் வருகிறது. லிங்க்தான் காரணமா?

எண்ணிப் பாருங்கள். 112 கண்ணிச் செயின் 44 பல் உள்ள முன் பல்சக்கரத்தில் ஓடினால், லிங்க் ஒரு முழுச் சுற்று வர பெடல் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்ற வேண்டும். சத்தம் அந்த இடைவெளியில் வந்தால் செயினில் ஏதோ ஒரு கண்ணி காரணம். பெடலின் ஒவ்வொரு சுற்றுக்கும் வந்தால் பெடலையோ, அதைத் தாங்கும் கையான கிராங்க்கையோ சந்தேகியுங்கள், லிங்க்கை விட்டுவிடுங்கள்.

செயின்தான் என்று உறுதியானால், பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றி, டிரெய்லியரின் உருளைகளில் கண் வையுங்கள். மடங்காத கண்ணி வந்தால் டிரெய்லியர் துள்ளும். அது குயிக் லிங்க்காக இருந்தால் பாதிப் பூட்டா, தவறான அளவா, தலைகீழா என்று வரிசையாகப் பாருங்கள்.

வழியில் செயின் அறுந்தால் ஒரு குயிக் லிங்க் மட்டும் போதுமா?

போதாது, செயின் கட்டரும் வேண்டும். அறுந்த கண்ணியின் மிச்சம் செயினில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வெளியே தள்ளினால்தான் இரு பக்கமும் சுத்தமான உள்கண்ணி கிடைக்கும். அறுந்தது வெளிக்கண்ணி என்றால் அதிர்ஷ்டம்: அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் லிங்க்கைப் போட்டால் நீளம் மாறாது. உள்கண்ணி என்றால் அதோடு இருபுற வெளிக்கண்ணிகளையும் எடுக்க வேண்டும். லிங்க் போட்டது போக, செயின் ஒரு அங்குலம் குறுகிவிடும். வீடு சேரும் வரை முன்னும் பின்னும் பெரிய பல்சக்கரத்தை ஒரே நேரத்தில் போடாதீர்கள். குறுகிய செயின் டிரெய்லியரைப் பிய்த்துவிடும்.

மாற்று லிங்க்கை இரண்டு துண்டுகளாகவே டேப் சுற்றி, இருக்கையின் அடிக்கம்பியில் ஒட்டி வைத்திருக்கிறேன். பையில் போட்டால் ஒரு துண்டு எப்போதும் காணாமல் போகிறது.

செயின் தேய்மானத்தை அளக்கும்போது லிங்க்கையும் சேர்த்து அளக்கலாமா?

வேண்டாம். லிங்க் புதிதாகவும் செயின் பழையதாகவும் இருக்கலாம், அல்லது நேர்மாறாகவும் இருக்கலாம். லிங்க் இல்லாத பகுதியில், இரண்டு மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். அளவுகோலால் அளப்பதானால் 24 கண்ணிகள் புதுச் செயினில் 304.8 மி.மீ. வரும். 11, 12 ஸ்பீடு செயின்களை அரை சதவீத நீட்சியிலும், 10 வரை உள்ளவற்றை முக்கால் சதவீதத்திலும் மாற்றிவிடுவது வழக்கம்.

கழுவுவதற்காக ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டுமா?

தேவையில்லை. துணியும் தூரிகையும் கொண்டு சைக்கிளிலேயே துடைத்து எண்ணெய் விடலாம். நான் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறேன். சேற்றில் ஓட்டிய பிறகு, மெழுகுக்கு மாறும்போது, செயினைச் சட்டத்தின் வழியே வெளியே எடுத்தாக வேண்டிய பழுதுகளின்போது மட்டும் கழற்றுகிறேன். கழற்றினால் லிங்க்கின் இரு துண்டுகளையும் உடனே ஒரு மூடியில் போட்டு வையுங்கள். கரைப்பான் வாளியின் அடியில் அதைத் துழாவுவது சுகமான வேலை அல்ல.